டிரைவர் சீட்டிலிருந்து தெரிந்த மான்

விஸ்கான்சினின் மேற்குப் பக்கத்தில், ஸ்கோவ்லன் சதுப்பைச் சுற்றிப் போகிற பன்னிரண்டாம் நம்பர் ஸ்கூல் பஸ்ஸை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டியவள் வெர்னா டோலஃப்ஸன். குட்டையான, அகலமான பெண். குரல் மட்டும் ஆளைவிடப் பெரிது. பின்சீட்டில் ஒருத்தன் இன்னொருத்தன் தொப்பியைப் பிடுங்கினால், அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். "கொடுத்துடு" என்பாள். தொப்பி தலைக்குத் திரும்பிவிடும்.

வேட்டைக்கு அவள் போனதற்குக் காரணம் புருஷன் ஒரின். சீஸ் ஆலையில் வேலை பார்த்த ஒரினுக்கு மான்கறி என்றால் உயிர். ரத்தத்தைக் கண்டால் மயக்கம். கல்யாணமான வருஷம், நவம்பர் மாதம், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மானைத் தோலுரிக்க இவனைக் கூப்பிட்டார். கத்தி இறங்கியதும் இவன் அந்த மானுக்குப் பக்கத்திலேயே நீட்டிப் படுத்துவிட்டான். அடுத்த வருஷம் வெர்னா பழைய துப்பாக்கி ஒன்றை வாங்கி, வெற்று டின்களைச் சுட்டுப் பழகி, தானே கிளம்பினாள். அன்றிலிருந்து அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. சுடுவது, உரிப்பது, வெட்டுவது அவள். கறி காகிதத்தில் சுற்றி சமையல் மேடைக்கு வந்த பிறகு ஒரின் கையில் எடுப்பான். பூண்டும் மிளகும் போட்டு அவன் செய்கிற சாசேஜுக்கு அந்த வட்டாரத்தில் பேர் இருந்தது.

ஸ்கோவ்லன் சதுப்பு அரசாங்க நிலம். ஆயிரத்து இருநூறு ஏக்கர் சம்புப் புல்லும் வில்லோப் புதரும், நடுவில் தீவு போல ஓக் மரங்கள் நிற்கிற மேடுகளும். யார் வேண்டுமானாலும் போய் வேட்டையாடலாம். ஆனால் யாரும் போகவில்லை, கால் நனையும் என்று. துப்பாக்கி சீசன் தொடங்குகிற நவம்பர் சனிக்கிழமையில்கூட, வண்டி நிறுத்துகிற இடத்தில் ஆறு கார் நின்றால் அதிகம். எந்தக் கார் யாருடையது, அதன் சொந்தக்காரர் எந்த மேட்டில் உட்கார்ந்திருப்பார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். வடக்கு மேடு எல்ராய் ஸ்டப்பிக்கு. மாட்டுப்பண்ணைக்காரன், வெர்னாவின் பள்ளித் தோழன், ஊரிலேயே பெரிய முணுமுணுப்பன். நடுமேட்டின் பெரிய ஓக் மரத்தடி வெர்னாவுக்கு. காலையில் மக்காச்சோளக் கொல்லையில் மேய்ந்துவிட்டு சதுப்புக்குத் திரும்புகிற மான்கள், அந்த மரத்தைத் தாண்டி ஒரே தடத்தில், ஏழே முக்காலுக்கு வரும். தன் பஸ்கூட அப்படி நேரத்துக்கு வராது என்று வெர்னாவே சொல்வாள்.

பிறகு அந்த டி.வி. ஆள் வந்தான். வேட்டை நிகழ்ச்சி நடத்துகிறவன். அக்டோபரில் அம்பு சீசனில் வந்து, பன்னிரண்டு கிளைக் கொம்பு வைத்த ஒரு கலைமானை எய்தான். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மானின் கொம்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டி நின்றபோது, அவன் முதுகுக்குப் பின்னால் 'ஸ்கோவ்லன் சதுப்பு' என்ற அரசாங்கப் பலகை பளிச்சென்று தெரிந்தது. நிகழ்ச்சி பிப்ரவரியில் ஓடியது.

அந்த நவம்பரில் வெர்னா விடிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தபோது, வண்டி நிறுத்துமிடத்தில் அவளுக்கு இடமில்லை. சாலையோரம் நிறுத்திவிட்டு நடந்தாள். இருட்டில், தடம் பழகிய கால், நேராக ஓக் மரத்தடிக்குப் போனது. கொண்டுவந்த சின்ன மெத்தையைப் போட்டு உட்கார்ந்தாள். முதுகை மரத்தில் சாய்த்தாள். ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் காபியை ஊற்றினாள்.

"மேடம்," என்றது வானத்திலிருந்து ஒரு குரல்.

காபி மொத்தமும் மடியில் கொட்டியது.

"யாரது?"

"நான்தான் மேடம். மேல இருக்கேன். நீங்க உக்காந்ததுமே சொல்லிருக்கணும். பயந்துடப் போறீங்கன்னு யோசிச்சேன்."

"இப்ப மட்டும் பயப்படலையாக்கும்? எவ்வளவு நேரமா அங்க குந்திக்கிட்டு இருக்கே?"

"நாலு மணியிலேர்ந்து."

"நாலு மணிக்கா! நீ என்ன ஆந்தையா?"

"தூக்கம் வரல மேடம். மில்வாக்கியிலேர்ந்து நேரா வந்துட்டேன்."

"இது என் மரம்."

மேலே அவன் உட்கார்ந்திருந்த, கழற்றி மாட்டுகிற பரண் லேசாகக் கிரீச்சிட்டது.

"பேர் எதுவும் எழுதலையே மேடம்," என்றது குரல். நக்கலாக இல்லை. நிஜமாகவே மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னது போல இருந்தது. வெர்னாவுக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

"இறங்கிடட்டுமா?" என்று கேட்டான்.

"இறங்கி என்ன செய்யப் போறே, மரத்தை எங்கிட்ட குடுக்கப் போறியா? இரு, இரு," என்று மெத்தையைச் சுருட்டிக்கொண்டு, ஈர பேண்ட்டோடு கிளம்பினாள்.

விடிந்ததும் பார்த்தால் சதுப்பு பரங்கிக்காய்த் தோட்டம் மாதிரி இருந்தது. திரும்பிய பக்கமெல்லாம் வேட்டைக்காரர்கள் கட்டாயம் போட வேண்டிய ஆரஞ்சுச் சட்டை, ஆரஞ்சுத் தொப்பி. ஏழே முக்காலுக்கு ஒரு மானும் வரவில்லை. எட்டேகாலுக்கு இரண்டு பெண்மான்கள் வாலைத் தூக்கிக்கொண்டு நாலுகால் பாய்ச்சலில் ஓடின. மூன்று திசையிலிருந்தும் துப்பாக்கி வெடித்தது. வெர்னா தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டாள். பிறகு நாள் முழுக்க மனிதர்கள் இருமுகிற சத்தம்தான்.

"என்ன பார்த்தே?" என்று ஒரின் கேட்டான்.

"மான் ரெண்டு. ஆளு முப்பத்தேழு."

அந்தக் குளிர்காலம் வீட்டில் கடைச் சாசேஜ்.

"பன்னிக்கறியும் நல்லாத்தான் இருக்கு," என்று ஒரின் சமாதானம் சொன்னான்.

"வாயை மூடிக்கிட்டுத் தின்னு."

மறு வருஷம் எல்ராய் ஒரு திட்டத்தோடு வந்தான். கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. உள்ளே, அவன் மச்சினியின் சலூனில் கூட்டிப் பெருக்கிய தலைமுடி.

"இது எதுக்கு? உன் மண்டைக்கா?" என்றாள் வெர்னா. எல்ராய்க்குத் தலையில் ஒரு முடி கிடையாது.

"சிரிக்காதே. தோட்டத்துல மான் வராம இருக்க ஒரின் என்ன செய்றான்? பழைய காலுறையில முடியை அடைச்சுக் கட்டித் தொங்க விடுறான்ல? அதையே இந்த வெளியூர்க்காரனுங்க மரத்துல தொங்க விடுவோம். மான் கிட்டயே வராது. ரெண்டு வருஷம் வெறுங்கையோட போனா, மூணாவது வருஷம் வரமாட்டானுங்க."

"இது தப்புடா. சட்டப்படியும் தப்பு."

"அவன் உன் மரத்துல ஏறுனது மட்டும் சரியா?"

வெர்னாவுக்கு மடியில் கொட்டிய காபி ஞாபகம் வந்தது. போனாள். முதல் ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் போன பிறகு இரண்டு பேரும் பதினொரு மரங்களில் பதினொரு காலுறைகளைக் கட்டினார்கள். நடுமேட்டு ஓக் மரத்தில் வெர்னாவே கட்டினாள். திரும்பி நடக்கும்போது, ஐம்பத்து மூன்று வயதில் அடுத்தவன் உட்காருகிற கிளையில் சலூன் முடியைத் தொங்கவிட்டு வருகிறோமே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. எல்ராயிடம் சொல்லவில்லை. அவன் சந்தோஷமாக விசிலடித்துக்கொண்டு வந்தான்.

அதனால் ஒன்றும் நடக்கவும் இல்லை. சதுப்பு முழுக்க மனித வாடையாக இருக்கும்போது, இன்னும் பதினொரு காலுறை முடியை எந்த மான் பொருட்படுத்தும்?

ஆனால் அந்த வருஷம் வெர்னா ஒன்றைக் கவனித்தாள். பனி விழுந்த காலைகளில் குளம்புத் தடம் நிறைய இருந்தது. எல்லாம் முந்தின இரவில் பதிந்தது. பகலில் மான் இல்லை. பழைய தடத்தில் புல் மூட ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் அவள் சம்புப் புல்லுக்குள் நடந்துகொண்டிருந்தபோது, தாண்டி வந்த இடத்தில் ஏதோ கண்ணில் பட்டது போல இருந்து திரும்பிப் பார்த்தாள். பத்தடியில் ஒரு பெண்மான், தாடையைத் தரையில் வைத்து, காதை மடக்கி, மண் போலக் கிடந்தது. கண் சந்தித்த பிறகுதான் எழுந்து பாய்ந்தது. துப்பாக்கியைத் தூக்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

"முன்னாடி ஆளைக் கண்டா ஓடும். இப்ப ஓடறதில்ல. ஓடுனதையெல்லாம் சுட்டாச்சு. கம்முனு படுத்துக் கெடக்கிற புத்திசாலிங்கதான் மிச்சம்," என்று ஒரினிடம் சொன்னாள்.

"அப்ப உன் பாடு திண்டாட்டம்தான்."

"ஆமா," என்றாள். ஆனால் அவள் குரலில் வருத்தம் இல்லை என்பதை ஒரின் கவனித்தான். அத்தனை வருஷமும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து ஏழே முக்கால் வரைக்கும் காத்திருந்தவள், இப்போது சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவையும் கரண்டிகளையும் வைத்து, சதுப்பில் காற்று எந்தப் பக்கம், ஆட்கள் எந்தப் பக்கம் என்று நகர்த்திக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வருஷம் சீசன் தொடங்கிய சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெறுங்கை. வண்டி நிறுத்துமிடத்தில் நாற்பத்தொரு கார். எல்லோரும் ஒரே மாதிரி யோசித்தார்கள்: பக்கத்தில் கூட்டம், ஆகவே தூரமாகப் போகணும். ஒருத்தன் ஒரு மைல் போனால் அடுத்தவன் ஒன்றரை மைல். இடுப்பளவு ரப்பர் பூட்ஸ் போட்டு வந்தார்கள், சின்னப் படகில் வந்தார்கள், ஒருத்தன் நெற்றி விளக்கோடு விடிய விடிய நடந்து கடைசி மேட்டுக்கே போனான்.

திங்கட்கிழமை வெர்னா பஸ் ஓட்டினாள். வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு ரயில் தண்டவாளம் சாலையைக் கடக்கிறது. நாளுக்கு ஒரு சரக்கு ரயில்தான் போகும். ஆனாலும் ஸ்கூல் பஸ் அங்கே நின்று, கதவைத் திறந்து, சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துவிட்டுத்தான் போகணும். சட்டம். மற்ற வண்டிகள் வேகத்தைக்கூடக் குறைக்காது. வெர்னா நாளுக்கு நாலு தரம் நிற்பாள்.

சாலை, தண்டவாளம், வண்டி நிறுத்துமிடம் மூன்றுக்கும் நடுவில் முக்கோணமாக ஒரு துண்டு நிலம் கிடந்தது. பத்துப் பதினைந்து பஸ் நிறுத்தினால் நிரம்பிவிடும். ஆளுயர வில்லோப் புதர், ஓரத்தில் அரசாங்கம் வைத்த மரக் கக்கூஸ். காரில் போகிறவனுக்குப் புதர்ச் சுவர்தான் தெரியும். பஸ் டிரைவர் சீட் உயரம். அன்று காலை எட்டேகாலுக்குக் கதவைத் திறந்து காது கொடுத்தபோது, புதருக்கு நடுவே ஒரு காய்ந்த கிளை மெதுவாகத் தலையைத் திருப்பியது.

வெர்னா ரயில் வருகிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு அந்தக் கிளையைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... ஒரு பக்கம் மட்டும் நாலு கிளை. மான் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. நாற்பது அடி தள்ளி ஒருத்தன் காரின் பின்கதவை அறைந்து சாத்தினான். மான் அசை போடுவதை நிறுத்தவே இல்லை.

"வெர்னா, ரயில் வருதா?" என்று பின்னாலிருந்து கேட்டார்கள்.

"இல்ல. உக்காருங்க," என்று கதவை மூடினாள்.

செவ்வாயும் அங்கேயே இருந்தது. புதனும் இருந்தது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விடியற்காலையில் இருபது பேர் அந்தப் புதரைத் தாண்டி உள்ளே நடக்கிறார்கள். சாயங்காலம் அதே வழியில் திரும்புகிறார்கள். நடுவில் பகல் முழுக்க, அந்தச் சதுப்பிலேயே ஆள் நுழையாத ஒரே இடம் அதுதான். வருகிறவன் கக்கூசுக்குப் போவான், திரும்பிவிடுவான்.

எல்ராயிடம் மூச்சு விடவில்லை. ஒரினிடம் மட்டும் சொன்னாள்.

"கக்கூசுக்குப் பக்கத்துலயா?" என்றான் ஒரின்.

"ஆமா."

"வெளிய யார்கிட்டயும் இதைச் சொல்லாதே. கறியை எவனும் வாங்கிக்க மாட்டான்."

வியாழக்கிழமை நன்றித் திருநாள், பள்ளி விடுமுறை. பன்னிரண்டரைக்கு வான்கோழி மேசைக்கு வந்துவிடும், அதற்குள் வந்து சேரணும் என்று ஒரின் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். வெர்னா அவசரமே படாமல் எட்டு மணிக்குப் போனாள். மற்றவர்கள் உள்ளே போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. சாலையிலிருந்து இவ்வளவு தள்ளித்தான் சுடலாம் என்று சட்டம் சொல்கிற தூரத்துக்கு இரண்டு மடங்கு அடியெண்ணி நடந்தாள். சாலைக்கும் வண்டிகளுக்கும் முதுகைக் காட்டி, தண்டவாளத்தின் உயரமான மண்கரை எதிரே இருக்கிற மாதிரி, தோட்டத்து மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தோட்டா தப்பினாலும் மண்ணுக்குள் போகும்.

தாமதமாக வந்த இரண்டு பேர் அவளைப் பார்த்துவிட்டார்கள்.

"என்னம்மா, இதுக்கு மேல நடக்க முடியலையா?"

"முட்டி வலிக்குதுப்பா. நீங்க போங்க. தூரமாப் போங்க, அங்கதான் நல்லா இருக்காம்."

சிரித்துக்கொண்டே போனார்கள். ஒன்பதரை. பத்து. கால்விரல் மரத்துப்போனது. பத்தரைக்குக் குளிர் தாங்காதவர்கள் ஒவ்வொருவராகத் திரும்ப ஆரம்பித்தார்கள். கார்க் கதவுகள் அறைந்தன, ரேடியோவில் ஃபுட்பால் வர்ணனை தொடங்கியது. அந்தச் சத்தத்துக்கெல்லாம் அசையாத கலைமான், யாரோ ஒருத்தன் வழக்கமான பாதையை விட்டு ஓரமாக, சருகை மிதித்து நடந்தபோது எழுந்து நின்றது. இடப்பக்கம் பார்த்தது. வலப்பக்கம் பார்த்தது. நாற்காலிப் பக்கம் பார்க்கவில்லை.

வெர்னா மூச்சைப் பாதி விட்டு, நிறுத்தி, சுட்டாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் ஒரே கலவரம். ஒருத்தன் காருக்கடியில் புகுந்தான். கக்கூஸ் கதவு படாரென்று திறந்து, உள்ளேயிருந்து ஓர் ஆள் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"யாருக்காவது அடிபட்டுச்சா?" என்று கத்தினான்.

குரல் எங்கேயோ கேட்ட குரல். வெர்னா திரும்பிப் பார்த்தாள். அவள் வயதுதான் இருக்கும், ஒல்லியான, மீசை வைத்த ஆள்.

"மானுக்கு மட்டும்தான்," என்றாள். "நீ... நாலு மணி ஆந்தைதானே?"

அவன் உற்றுப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "மரத்தடி மேடம்!"

அவன் பேர் லியோன் மார்ஷெவ்கா. மில்வாக்கியில் பிளம்பர். மூன்று வருஷமாக வருகிறான், இதுவரை ஒரு மானும் கிடைக்கவில்லை. புதருக்குள் எட்டிப் பார்த்து, எட்டுக் கிளைக் கொம்பைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான்.

"நான் இங்க தினம் ரெண்டு தரம் வந்து போறேனே மேடம். இந்தக் கக்கூஸ் பலகைக்கு அந்தப் பக்கமா படுத்துக் கெடந்துச்சு?"

"மூணு நாளா."

"கடவுளே. நான் பாட்டு வேற பாடுவேன்."

வெர்னா குடலை எடுத்து முடிப்பதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். இழுக்கிறேன் என்று ஆளாளுக்கு ஒரு காலைப் பிடித்தார்கள். அறுபதடி தூரத்தை அவள் கைவீசிக்கொண்டு நடந்தாள். மானை வண்டியில் ஏற்றிக் கட்டும்போது லியோன் தனியாக நிற்பதைப் பார்த்து, "சாப்பாடு எங்க?" என்று கேட்டாள்.

"கார்ல ரொட்டி இருக்கு. மனைவி நர்ஸ், இன்னிக்கு அவளுக்கு டியூட்டி."

"திருநாளும் அதுவுமா கார்ல உக்காந்து ரொட்டி திங்கப் போறியா? வண்டியை எடுத்துக்கிட்டு என் பின்னாடி வா. சீக்கிரம். பன்னிரண்டரைக்குப் போகலைன்னா என் வீட்டுக்காரன் வான்கோழிக்குப் பதிலா என்னை வறுத்துடுவான்."

மேசையில் வான்கோழி, உருளைக்கிழங்கு மசியல், கிரான்பெரி எல்லாம் ஒரு சுற்று முடிந்ததும், லியோன் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டான்.

"உங்க ஊர் வழக்கம் எனக்குத் தெரியாது. தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷம் என் மரத்துல ஒரு காலுறை தொங்குச்சு. உள்ள முழுக்க முடி. நேர்த்திக்கடன் ஏதாவதா? எடுத்தா பாவம்னு அப்படியே விட்டுட்டேன். அப்புறம் பக்கத்து மரத்துலயும் பார்த்தேன்."

ஒரின் வெர்னாவைப் பார்த்தான். அவன் பழைய காலுறைகள் காணாமல்போன மர்மம் அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. வெர்னாவின் கழுத்திலிருந்து காது வரை சிவந்தது.

"அது நான் கட்டுனது," என்றாள். "மான் உன் பக்கம் வரக்கூடாதுன்னு. கேவலமான வேலை. மன்னிச்சுடு."

லியோன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "அப்ப நான் மூணு வருஷமா சுடாததுக்கு அதுதான் காரணம்னு வீட்ல சொல்லலாமா?" என்றான். ஒரின்தான் முதலில் சிரித்தான். கிளம்பும்போது வெர்னா ஒரு தொடைக்கறியைக் காகிதத்தில் சுற்றி அவன் கையில் திணித்தாள்.

செய்தி ஊரெல்லாம் பரவியது. எல்ராய் இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. "என்கிட்டகூடச் சொல்லலையே" என்பதுதான் அவன் வருத்தம். அடுத்த வருஷம் முதல் நாள் அந்த முக்கோணத்தைச் சுற்றி ஏழு மடக்கு நாற்காலி. கக்கூசுக்கு அருகில் எல்ராய். மான் ஒன்றுகூட இல்லை. அவை எங்கே போயின என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வெர்னா ஒரு நிமிஷம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

முதல் சனி, ஞாயிறு முடிந்ததும் வெளியூர்க்காரர்களில் பாதிப் பேர் ஊர் திரும்பிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பஸ் பணிமனைக்குப் போய், செவ்வாய்க்கிழமை லீவு வேண்டும் என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் சீசனில் லீவு கேட்டதில்லை. மேலாளர் பதறிப்போனார்.

"என்னாச்சு வெர்னா, உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன். மான் சுடணும்."

செவ்வாய் பனி கொட்டியது. பனிக்குப் பயந்து மிச்சப் பேரும் வராததால் சதுப்பில் அவள் ஒருத்திதான். பழைய நாள் போலவே அமைதி, தூரத்துக் காகம் கரைவதுகூடக் கேட்டது. மதியம் இரண்டரைக்கு, கடைசி மேட்டில், ஒன்றரை மைல் உள்ளே, ஒரு கொழுத்த பெண்மானைச் சுட்டாள். பிறகு சுற்றிப் பார்த்தாள். காலைப் பிடிக்க ஆள் இல்லை, கயிறு இழுக்க ஆள் இல்லை. முட்டியளவுத் தண்ணீரில், பனியில், திட்டிக்கொண்டே தனியாக இழுத்தாள். கார் கண்ணில் பட இரண்டு மணி நேரம் ஆனது.

வீட்டுக்குள் நுழைந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் டெலிபோனை எடுத்தாள்.

"லியோன்? அடுத்த வருஷம் செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகாதே. இங்க வா. உன் முதுகு எப்படி, நல்லா இருக்கா?"